ஏப்ரல் வெயிலும் ஜூன் மாதக் குடைமிளகாயும்

பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடிலில், கலர் குடைமிளகாய் போடுகிறவர்களுக்கு ஜூன் மாதம் ஒரு சோதனை. வெளியே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியிருக்கும், ஊர் குளிர்ந்திருக்கும், செடியும் பார்க்கப் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆனால் பறிக்கக் காய் இருக்காது. இருக்கிற காயும் சிறுத்து, சதை மெலிந்து, கையில் எடுத்தால் எடையே இல்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் பலரும் உரத்தை மாற்றுவார்கள், டானிக் வாங்கி அடிப்பார்கள். எதனாலும் பலன் இருக்காது. குடைமிளகாயில் பூ விரிந்து, காய் பிடித்து, சிவப்போ மஞ்சளோ ஏறிப் பறிப்புக்கு வர ஏறக்குறைய 2 மாதம் பிடிக்கும். ஜூனில் வரவேண்டிய காய் ஏப்ரலில் பூவாகவே கொட்டிப்போயிருக்கும். அதனால் காய் குறைந்ததும் நான் முதலில் புரட்டுவது இரண்டு மாதம் முந்தைய வெப்பநிலைக் குறிப்பைத்தான்.

எங்கள் தோட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரம் ஏறக்குறைய 3000 அடி மேட்டில் இருப்பதால்தான் ரோஜாவும் குடைமிளகாயும் இங்கே இவ்வளவு பரவின. மேடு என்பதால் வெயில் தொந்தரவு இல்லை என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இரவு குளிர்ச்சிக்கு அது சரி. பகலுக்குச் சரியில்லை. மற்ற ஊர்களில் மே மாதக் கத்திரி வெயிலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எங்களுக்கு மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரைதான் உச்சம். மே பிறந்தால் இடி மழை இரண்டு விழுந்து தணித்துவிடும். 2024 ஏப்ரலில் பெங்களூரிலேயே 38 டிகிரியைத் தாண்டியது. அதற்கும் கிழக்கே, கொஞ்சம் தாழ்வான எங்கள் பக்கம் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் என்ன இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்தக் கோடையில் பார்த்தது. அதற்கு அடுத்த கோடையில் அதையே வைத்துத்தான் வேலை செய்தோம்.

முதலில் பூவைப் பற்றி. குடைமிளகாய்க்குப் பகலில் 21 முதல் 28 டிகிரி வரை சுகம். 32-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட ஆரம்பிக்கிறது. பூ பார்க்க வெள்ளையாக, முழுசாகத்தான் இருக்கும், உள்ளே தூளுக்கு உயிர் இருக்காது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கெடுதல் பூ விரிந்த அன்று மட்டும் நடப்பதில்லை. மொட்டு கடுகளவில் இருக்கும்போதே, அதாவது விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே, மகரந்தம் உருவாகும் கட்டத்தில் வெயில் தாக்கிவிடுகிறது. அதனால் வெயில் தணிந்த பிறகும் பத்துப் பதினைந்து நாளைக்குப் பூ கொட்டிக்கொண்டே இருக்கும். குளிர்ந்தும் ஏன் நிற்கவில்லை என்று அப்போது பதறி மருந்து தெளிக்க வேண்டியதில்லை, மொட்டிலேயே அடிபட்டது இப்போது விழுகிறது, அவ்வளவுதான்.

இரவும் முக்கியம். இரவில் 18, 20 டிகிரிக்கு இறங்கினால் பகலில் செய்த மாவுச்சத்து காய்க்குப் போகும். இரவும் 24-க்கு மேலேயே நின்றால் செடி சுவாசிப்பதிலேயே அதில் நிறையத் தின்றுவிடும். மேட்டு நிலத்தில் நாம் பயிர் செய்கிறோம் என்றால் இந்த இரவுக் குளிர்ச்சிதான் நமக்கு இருக்கும் பெரிய சொத்து. சாயங்காலம் பக்கத் திரையை இறக்கிவிட்டுப் போகும் பழக்கத்தைக் கோடையில் விட வேண்டும். ஏப்ரலில் எங்கள் திரை ராத்திரி முழுக்க மேலேயே இருக்கும், காற்றோடு மழை வந்தால் ஒழிய.

பூ கொட்டுவதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கவாத்து செய்கிற பெண்கள்தான். எங்களிடம் பல வருடமாக வேலை பார்க்கும் ஓர் அக்கா ஒருநாள் காலையில் சொன்னார்: "தம்பி, நேத்து சுத்தம் பண்ணின வரிசையில இன்னைக்கும் பூ கொட்டிக் கெடக்குது. ஓரத்துல இல்ல, நடுவுல இருக்கிற நாலு வரிசையிலதான்." நானும் போய்க் குனிந்து பார்த்தேன். பாத்தியை மூடிய வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட்டின் மேல் பூக்கள் கிடந்தன. காம்பு, கணுவோடு சேரும் இடத்தில் மஞ்சளாகி, கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாகக் கழன்றிருந்தது. நோயால் விழுந்தால் காம்பு அழுகிக் கறுத்திருக்கும். இலைப்பேன் என்றால் இதழில் பழுப்புக் கீறல் இருக்கும், பூவை உள்ளங்கையில் தட்டினால் பூச்சி ஓடும். இதில் இரண்டும் இல்லை. செடியே வேண்டாமென்று உதிர்த்துவிட்ட பூ.

அவர் சொன்ன "நடுவுல" என்ற சொல்லில்தான் விஷயம் இருந்தது. தெர்மாமீட்டர் அதுவரை வாசல் பக்கம் தொங்கியது. கட்டிக் கொடுத்தவர்கள் மாட்டிய இடம். வாசல் பக்கம் காற்று வரும், சூடு குறைவாகக் காட்டும். ஒன்றை நடு வரிசையில், செடியின் நுனி உயரத்தில் மாட்டினோம். இன்னொன்றை இடுப்பு உயரத்தில். இரண்டுக்கும் மேலே வெயில் நேராகப் படாமல் ஒரு சின்ன வெள்ளை மறைப்பு. வெயிலில் தொங்கும் தெர்மாமீட்டர் தன் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது. நடுப்பகுதி மதியம் 2 மணிக்கு வாசலை விட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தது. பூ கொட்டிய வரிசைகளும் அவையேதான். பசுமைக்குடிலில் ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன். அன்றன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்துவைக்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

நடுவில் ஏன் அவ்வளவு சூடு? நம் பக்கம் இருப்பவை பெரும்பாலும் இயற்கைக் காற்றோட்ட வகை. மின்விசிறியும் ஈர அட்டையும் கிடையாது. சூடான காற்று மேலே உள்ள திறப்பு வழியே வெளியேற வேண்டும், பக்கத்திலிருந்து புதுக்காற்று நுழைய வேண்டும். அந்தப் பக்கத்தில் 40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சிவலை. பூச்சிகளைத் தடுக்க அது வேண்டும்தான், ஆனால் காற்றையும் பாதிக்குப் பாதி தடுக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மழை கிடையாது, பக்கத்து நிலத்தில் உழவு ஓடும், மண் ரோட்டில் டிராக்டர் போகும். வலையின் கண்கள் தூசியால் அடைத்துக்கொள்ளும். கையை வலைக்கு உள்பக்கம் வைத்துப் பார்த்தால் வெளியே வீசும் காற்று உள்ளே தெரியவே தெரியாது. மார்ச் தொடக்கத்தில் பவர் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் வைத்து வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வலையைக் கழுவினோம். செம்மண் கரைசலாக வழிந்தது. நிழல்வலைக்குப் பணம் போடும் முன் இதைச் செய்யுங்கள். ஆள்கூலி தவிர வேறு செலவில்லை.

இனி நிழல். கடையில் 35, 50, 75 சதவீதம் என்று கேட்டு வாங்குகிறோம். பச்சை, கறுப்பு, வெள்ளை, அலுமினியப் பட்டை நெய்த வெள்ளி வலை என்று வகை இருக்கிறது. சதவீதத்தைப் பார்த்து வாங்குபவர்கள் நிறத்தையும் எங்கே கட்டப்போகிறோம் என்பதையும் பார்ப்பதில்லை. கறுப்பு வலை வெயிலைத் தடுக்கிறது என்றால், அதை விழுங்கிக்கொள்கிறது என்று பொருள். விழுங்கிய சூட்டை எங்கே விடும்? கூரைக்கு உள்ளே கட்டினால் செடியின் தலைக்கு மேலேயே விடும். வெளிச்சமும் குறைந்து, சூடும் குறையாமல், இரண்டு நஷ்டம். கறுப்போ பச்சையோ கட்டுவதென்றால் கூரைக்கு வெளியே, பிளாஸ்டிக்குக்கு மேல் ஓரடி இரண்டடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். உள்ளேதான் கட்ட முடியும் என்றால் வெள்ளையோ வெள்ளி வலையோ. அவை வெயிலைத் திருப்பி அனுப்பும் வகை. விலை கூடத்தான், ஆனால் பல வருடம் உழைக்கும்.

உள்ளே கட்டும் வலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதை முழுக்க இழுத்து மூடினால் சூடான காற்று மேலே ஏறும் வழியும் அடைபடும். வலைக்கு மேலே ஒரு சூட்டு அறை, கீழே ஒரு சூட்டு அறை என்று ஆகிவிடும். எங்கள் பசுமைக்குடிலில் மேல் திறப்புக்கு நேர் கீழே ஒரு முழம் அளவு விட்டுத்தான் இழுக்கிறோம். அந்த இடைவெளியில் கொஞ்ச நேரம் வெயில் விழும், பரவாயில்லை, காற்று போகிறது.

ஆனால் எதைக் கட்டுவது என்பதை விட எப்போது இழுப்பது என்பதுதான் காயைத் தீர்மானிக்கிறது. இதை நான் அடித்துச் சொல்வேன். நெதர்லாந்து விவசாயிகளிடம் ஒரு கணக்கு உண்டு: வெளிச்சம் ஒரு சதவீதம் குறைந்தால் விளைச்சலும் ஒரு சதவீதம் குறையும். அது வெளிச்சத்துக்கு ஏங்கும் நாடு. நமக்கு நடுப்பகலில் அது பொருந்தாது. நம் ஏப்ரல் மதியத்தில் வெளியே 1 லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கொட்டுகிறது. பழைய பாலிதீன் தாள் கொஞ்சம் தடுத்து, 50 சதவீத வலையும் பாதியைத் தடுத்த பிறகும் செடிக்குப் போதுமான வெளிச்சம் மிஞ்சும். ஆனால் காலை 8 மணிக்கு வெளியே இருப்பதே அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த நேரத்திலும் வலை மூடியே இருந்தால், குளிர்ந்த காற்றும் முழுத் தண்ணீரும் இருக்கும் நல்ல வேளையில் செடியைப் பட்டினி போடுகிறோம். செடி நிறையச் சம்பாதிப்பது காலையில்தான்.

அந்த 2024 கோடையில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு விதமாக வைத்துப் பார்த்தோம். கிழக்குப் பாதியில் வெள்ளை வலையை ராத்திரி பகல் மூடியே விட்டோம். மேற்குப் பாதியில் காலை 10.30, 11 மணிக்கு இழுத்து, மாலை 3.30 மணிக்குத் திறந்தோம். ஒரே நாற்று, ஒரே உரம், ஒரே தண்ணீர். மூடியே இருந்த பக்கம் மூன்று வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. கணு இடைவெளி நீண்டு, இலை அகலமாக, மெல்லிசாக, பார்க்க வருவோர் எல்லாம் "செடி சூப்பரா இருக்கே" என்று அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்கள். பூவும் அங்கே கொட்டியது, ஆனால் வேறு காரணத்தால். வெளிச்சம் போதாமல் செடிக்குக் காயைத் தாங்கத் தெம்பில்லை. குடைமிளகாய் சூட்டிலும் பூவை உதிர்க்கும், இருட்டிலும் உதிர்க்கும். சாம்பல் நோயும் அந்தப் பக்கத்தில்தான் முதலில் வந்தது. திறந்து மூடிய பக்கத்தில் செடி குட்டையாக, இலை தடிப்பாக, அங்கங்கே ஓரிரு காய் வெயிலில் வெந்ததோடு சரி. ஜூன் பறிப்பில் ஏ கிரேடு காய் அந்தப் பக்கம்தான் தெளிவாகக் கூடுதலாக வந்தது. அதற்குப் பிறகு யாரும் வலையை நாள் முழுக்க மூடி வைப்பதில்லை. கயிற்றை இழுக்க ஓர் ஆள் தினமும் இரண்டு முறை நேரம் ஒதுக்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பினால் நிழல்வலையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

மேகமூட்டமான நாளில் இழுப்பதில்லை. மணியைப் பார்த்து இழுப்பதை விட, நடுவில் தொங்கும் தெர்மாமீட்டர் 30-ஐத் தொடும்போது இழுப்பது நல்லது. அதற்குள் உச்சி ஏறிவிடாது.

வலை வாங்க வசதியில்லாதவர்கள் கூரைக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சாக் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, வெளிப்பக்கம் தெளிப்பது. செலவு குறைவு, வெயிலை வெளியிலேயே திருப்பி அனுப்புவதால் சூடும் நன்றாகக் குறைகிறது. குறை என்னவென்றால் இதைக் காலையில் திறக்க முடியாது. அதனால் ரொம்ப மெல்லிசாக, கூரைக்கு மேல் நீலவானம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மட்டும் அடிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு அடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், அதன் காரம் தாளுக்கு நல்லதல்ல. பசையைக் கூடுதலாகப் போட்டால் மே மழையில் கரையாது. கரையாவிட்டால் ஜூன், ஜூலை மேகத்தில் செடி இருட்டில் நிற்கும். மழை முடிந்ததும் நுரைப்பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.

இனி காய்க்கு நேராக வரும் பாதிப்பு. வெயிலில் வெந்த காயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் தோளில் ஒரு வெளிறிய திட்டு, லேசாக மிருதுவாக இருக்கும். நாலைந்து நாளில் அது சுருங்கி, காகிதம் போல உலர்ந்து, உள்ளே குழியும். அதன் மேல் கறுப்புப் பூசணம் படரும். பலர் அதைப் பார்த்துவிட்டுப் பூசணக்கொல்லி அடிப்பார்கள். பூசணம் பின்னால் வந்தது, முதலில் வந்தது வெயில். எங்கள் தோட்டத்தில் இது எப்போதும் மேற்குப் பார்த்த பக்கத்துக் காயில்தான் அதிகம். மதியம் 2 மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயில் இலைக்குக் கீழே நுழைந்து நேராகக் காயில் அடிக்கும். தொடாமல் சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியை வைத்து ஒரே செடியில் இரண்டு காயை அளந்து பார்த்தேன். இலை மறைவில் இருந்த காயும் வெயிலில் இருந்த காயும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டன. காற்றில் 34 என்றால் அந்தக் காய்த்தோல் 44-ஐத் தாண்டி நிற்கிறது. இலை தன் துளைகள் வழியாகத் தண்ணீரை விட்டுத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். காய்க்கு அந்த வசதி இல்லை. மெழுகு பூசிய தோலோடு அப்படியே வேகும்.

அதனால் காய்க்கு மிக நல்ல நிழல், இலைதான். கவாத்தைக் கோடைக்குத் தகுந்தபடி மாற்றினோம். மற்ற மாதங்களில் ஒவ்வொரு கணுவிலும் பக்கக் கிளையை ஓர் இலையோடு கிள்ளுவோம். பிப்ரவரி கடைசியிலிருந்து இரண்டு இலை, மேற்கு ஓர வரிசைகளில் மூன்று இலைகூட விட்டுக் கிள்ளுகிறோம். கீழே உள்ள பழைய இலையைச் சுத்தம் என்ற பெயரில் உருவுவதை ஏப்ரல் முடியும் வரை நிறுத்திவைத்தோம். நூலில் தண்டைக் கட்டும்போதும் காய் உள்பக்கமாகத் திரும்பி இருக்கிறதா என்று ஒரு பார்வை. இதற்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒருமுறை காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். காரணம் சொல்லாமல் "இரண்டு இலை விடுங்க" என்றால் பழக்கத்தில் ஓர் இலையில்தான் கை போகும். அந்த அக்காவுக்கு வெந்த காயையும் அதன் மேலிருந்த கணுவையும் காட்டினேன். "அப்ப இது எல காயக் காக்குதுன்னு சொல்லு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். மற்ற பெண்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

செடியின் வயதும் இதில் சேரும். இலை நிறைந்த செடிக்கூட்டம் தண்ணீரை ஆவியாக்கித் தன் வீட்டைத் தானே குளிர்விக்கும். பிப்ரவரி கடைசியில் நட்ட இளம் நாற்று ஏப்ரலில் அப்படிச் செய்ய முடியாது. வெறும் தரையும் மல்ச்சிங் ஷீட்டும் சுட, நாற்று நடுவில் நின்று வாடும். நவம்பரில் நட்டுவிட்டால் மார்ச்சுக்குள் செடி நன்றாக வளர்ந்து, இலை மூடிவிடும். கோடையில் காய் வேண்டுமென்றால் நடவு மாதத்தை முதலில் யோசிக்க வேண்டும்.

ஃபாகர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் பக்கம் ஏப்ரல் மதியத்தில் காற்று வறண்டு இருக்கும், அதனால் பனித்துளி போலத் தண்ணீரைத் தெளித்தால் ஆவியாகி நன்றாகக் குளிரும். கடற்கரை ஊரில் இதே ஃபாகர் அவ்வளவு உதவாது, காற்றிலேயே ஈரம் இருக்கும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, இலை காய்ந்த பிறகு மறுபடி ஓட்டுவதுதான் முறை. பிரஷர் 4 கிலோ இல்லாவிட்டால் பனியாக வராமல் சொட்டாக விழும். பக்கத் திரை திறந்தே இருக்க வேண்டும். திரையை மூடிவிட்டு ஃபாகரை ஓட்டிய ஒரு பசுமைக்குடிலுக்குள் போயிருக்கிறேன், மூச்சுவிட முடியவில்லை. காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் இலையிலிருந்து தண்ணீர் வெளியேற முடியாது, செடியின் சொந்தக் குளிர்ச்சி நின்றுபோகும். நான்கு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, இரவுக்குள் இலை உலர வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையிலும் காயிலும் வெள்ளைப் படிவம் நிற்கும், நாசிலும் அடைக்கும். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதை ஃபாகருக்கு ஒதுக்கலாம். செம்பேன் தொல்லை ஃபாகர் ஓடும் குடிலில் குறைவாக இருப்பது கூடுதல் லாபம். அது வறண்ட சூட்டில் பெருகும் பூச்சி.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே முறை நிறைய விடுவதை விட, நாளில் நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக. உச்சிவேளையில் லேட்டரலில், அதாவது வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாயில், நிற்கும் தண்ணீர் கொதிக்கும், அது முதலில் வேரில்தான் விழும். ஆகவே குழாய் மல்ச்சிங் ஷீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும், ஷீட்டின் வெள்ளிப் பக்கம் மேலே. வெயிலில் செடி உரத்தை விடத் தண்ணீரை அதிகம் குடிப்பதால் உரக் கரைசலின் இ.சி.யை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவை, குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்தியில் உப்பு சேரும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது இந்த நேரத்தில்தான் அதிகம். மண்ணில் கால்சியம் இல்லாததால் என்று நினைத்து மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். மதியம் இலை எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ள, காய்க்கு மிச்சமில்லை. கால்சியம் நைட்ரேட் கொடுக்கலாம், கூடவே மதிய நிழலும் சாயங்காலம் ஈரம் காயாத வேரும் இருந்தால்தான் அது காய்க்குப் போய்ச் சேரும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. 38 டிகிரியில் பிளாஸ்டிக் கூரைக்குள் காற்றில்லாமல் ஏணியில் நின்று கவாத்து செய்வது ஆபத்தான வேலை. மார்ச் பாதியிலிருந்து எங்கள் நேரம் காலை 6 முதல் 10.30 வரை, தேவைப்பட்டால் மாலை 4.30-க்கு மேல் ஒரு மணி நேரம். சம்பளத்தில் பிடித்தம் இல்லை. உள்ளேயே மோர், உப்புப் போட்ட தண்ணீர். மருந்து தெளிப்பது விடியற்காலையில் மட்டும், முகமூடி போட்டுக்கொண்டு மதியச் சூட்டில் தெளிக்கச் சொல்வது கொடுமை. தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் அன்று அவருக்கு வேலை முடிந்தது. காய் போனால் அடுத்த அலையில் வரும்.

தக்காளி, வெள்ளரி போடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், கொஞ்சம் மாற்றத்தோடு. தக்காளியில் பூ உதிர்வது போக, நிறமும் கெடும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைபடும், மஞ்சள் நிறமி மட்டும் வரும். அதனால்தான் கோடைத் தக்காளியின் தோள் மஞ்சளாகவே நிற்கிறது. எவ்வளவு நாள் செடியில் விட்டாலும் சிவக்காது. முக்கால் பழுப்பில் பறித்து நிழலான அறையில் வைத்தால் ஓரளவு தேறும். பாலிஹவுஸ் வெள்ளரிக்கு மகரந்தமே தேவையில்லை என்பதால் பூ கெடும் கவலை குறைவு, சூட்டையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் தண்ணீர் ஒருவேளை தவறினாலும் காய் வளைந்துவிடும்.

முதல் மழை விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மே மாத இடி மழை சூறைக்காற்றோடு வரும். வெளியே கட்டிய வலையில் காற்று பிடித்தால் தாளையும் சேர்த்துக் கிழிக்கும். வானம் கறுத்தால் முதல் வேலை வலையைச் சுருட்டுவது. அப்புறம், வெயில் தணிந்ததும் நல்ல மகரந்தத்தோடு வரும் பூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காய் பிடிக்கும். ஒரு மாதம் காய் இல்லாத செடி, அதனால் எதையும் உதிர்க்காது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். அப்படியே விட்டால் அத்தனையும் சிறுத்துப்போகும், மேலே அடுத்த பூவுக்கு இடமிருக்காது, ஜூலை கடைசியில் ஒரு பெரும் பறிப்பு, பிறகு மறுபடி வெற்று வாரங்கள். மண்டியிலும் எல்லோர் காயும் ஒன்றாக வந்து விலை சரியும். நாங்கள் ஒரு கிளையில் அடுத்தடுத்த கணுக்களில் பிடித்த பிஞ்சில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கோலிக்குண்டு அளவில் கிள்ளிவிடுகிறோம். கிள்ளும்போது கை வராது. ஆனால் மிச்சம் நிற்கிற காய் 150 கிராமைத் தாண்டும்.

மழைக்குப் பிறகு காய்த்தோலில் மெல்லிய கோடுகள் விழுவதும் உண்டு. வெயிலில் தோல் இறுகி நின்ற காய்க்கு ஈரமான, குளிர்ந்த இரவில் வேர் தண்ணீரைத் தள்ளும்போது தோல் தாங்காமல் விரிகிறது. அந்த நாட்களில் மாலைப் பாசனத்தை நிறுத்திவிட்டு, கடைசித் தண்ணீரை மதியம் 2 மணிக்கே முடித்துக்கொள்ளலாம்.

புதிதாக மானியத்தில் பசுமைக்குடில் கட்டப்போகிறவர்கள் வரைபடம் கையெழுத்தாகும் முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். கூரை நடுவில் குறைந்தது 6 மீட்டர் உயரம் இருக்கிறதா, மேல் திறப்பின் வாய் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா, அகலம் கூடிக்கொண்டே போய் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாமல் ஆகிறதா, உள் வலை கயிற்றில் இழுத்துத் திறக்கிற வகையா, கம்பியில் நிரந்தரமாகக் கட்டிவிடுகிற வகையா. கடைசியில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள், விலைப்பட்டியலில் "நிழல்வலை" என்று மட்டும் இருந்தால் நிரந்தரமாகக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். திண்டுக்கல் பக்கம் ரெட்டியார்சத்திரத்தில் உள்ள காய்கறி மகத்துவ மையத்திலும் தளியில் உள்ள கொய்மலர் மகத்துவ மையத்திலும் இந்த அமைப்புகளை நேரில் பார்க்கலாம். போகிறவர்கள் ஏப்ரல் மாதம், மதியம் 2 மணிக்குப் போய், நடுவில் நின்று பாருங்கள். டிசம்பரில் போனால் எல்லாப் பசுமைக்குடிலும் நன்றாகத்தான் இருக்கும்.